ஒரு கன மீட்டருக்குள் அண்ணி

பெயிண்ட் கடையில் அவளைத் துளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர் சுவரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரும் சில்லைப் பார்ப்பாள். வெள்ளை டப்பாவைத் திறந்து நீலமோ மஞ்சளோ துளித்துளியாக விட்டு அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவாள். பதினேழு வருடமாக அதுதான் வேலை. தேவைக்கு ஒரு துளி குறைவாக விட்டுக் கலக்கிப் பார்ப்பது அவள் வழக்கம். போதாவிட்டால் இன்னொரு துளி விடலாம்; விட்டதை எடுக்க யாரால் முடியும்?

அந்தக் கைக்குத்தான் சோதனை வந்தது. கடைக்கு நிறம் கலக்கும் இயந்திரம் வரப்போகிறது. பள்ளி இறுதித் தேர்வில் வேதியியல் தேறியவர்தான் அதை இயக்கலாம் என்பது இயந்திரக் கம்பெனியின் நிபந்தனை. துளியக்காவோ மற்றப் பாடமெல்லாம் தேறி, வேதியியலில் மட்டும் கோட்டைவிட்டுவிட்டுக் கழுத்தை நீட்டியவள்.

"எழுதி பாஸ் பண்ணிடுங்கக்கா. இல்லேன்னா பின்னாடி குடோன்ல டப்பா அடுக்கற வேலைதான் இருக்கு," என்றார் மேனேஜர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பதினேழு வருடம் நிறங்களோடு வாழ்ந்தவளை இருட்டுக் குடோனில் நிறுத்துவதா? அன்று பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏனென்றால் வீட்டில் அண்ணி இருந்தாள்.

அண்ணி என்றால் கணவனின் அக்கா. இருபத்திரண்டு வருடம் முன்பு வேதியியலில் முதல் தடவையிலேயே தேறியவள். அதைத் தம்பி கல்யாணத்தன்றே சம்பந்தி வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டது. அதன் பிறகும் மாதத்துக்கு இரண்டு முறை சொல்லிக்கொண்டிருந்தாள். விஷயம் காதில் விழுந்ததும் இடுப்பில் முந்தானையைச் செருகினாள்.

"நோட்டை எடுத்துட்டு வா. அளவு மாத்தற கணக்குலதான் முக்காவாசிப் பேர் கவுந்துபோறது."

மறுநாள் சாயங்காலமே சாப்பாட்டு மேஜையில் வகுப்பு தொடங்கியது.

"கால் லிட்டர் எத்தனை மில்லி?"

துளியக்கா யோசித்து எழுதினாள்: 248.

அண்ணி நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "ரெண்டு மில்லி எங்கடி போச்சு?"

"இருக்கு அண்ணி. பார்த்துட்டு அப்புறம் ஊத்திக்கலாம்னு..."

"யார் பார்க்கறது? பேப்பர் திருத்தறவர் டப்பாவும் குச்சியும் வெச்சுக்கிட்டா உக்காந்திருப்பார்? தப்புன்னு ஒரு கோடு போட்டுட்டுப் போயிட்டே இருப்பார்."

அரைக் கிலோவுக்கு 495 கிராம் வந்தது. அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. எண்ணை மட்டும் எழுதாமல் பக்கத்தில் அளவின் பெயரையும் எழுதவைத்தாள். மேலேயும் மில்லி, கீழேயும் மில்லி வந்தால் இரண்டையும் அடித்துவிடச் சொன்னாள். அது துளியக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. பத்து நாளில் 250 மில்லி முழுசாக வந்தது. அன்றைக்கு அண்ணி அவளுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாள். கல்யாணமாகி வந்த பதினான்கு வருடத்தில் அது முதல் டீ.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் வினை வந்தது.

"ஒரு கன மீட்டர்ல எத்தனை லிட்டர் பிடிக்கும்? நூறு. எழுதிக்கோ," என்றாள் அண்ணி.

துளியக்காவின் பேனா நகரவில்லை. "நூறு லிட்டர்னா நம்ம கடை இருபது லிட்டர் பக்கெட்டுல அஞ்சுதானே அண்ணி? ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருக்கற பெட்டிக்கு அது பத்தாதே."

"மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர். அதனால நூறு. பாஸ் பண்ணினது நீயா, நானா?"

பாஸ் பண்ணினது அண்ணிதான். ஆனால் தப்பாகப் படித்துக்கொண்டுபோய்க் குடோனில் நிற்கவும் அவள் தயாராக இல்லை. மறுநாள் கடையிலிருந்து காலி பக்கெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வாங்கி வந்துவிட்டாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் டேப்பை இழுத்து, கூடத்து மூலையில் ஒரு மீட்டர் சதுரம் சாக்பீஸால் வரைந்தான். சுவரில் ஒரு மீட்டர் உயரத்தில் ஆணி அடித்து, இந்தப் பக்கம் நாற்காலிகளை நிறுத்தி, நூலைச் சுற்றிக் கட்டினான்.

"இதுதான் கன மீட்டர். யாரும் நூலை அத்துடாதீங்க."

துளியக்கா ஐந்து பக்கெட்டுகளை உள்ளே வைத்தாள். தரையே மூடவில்லை.

"பரப்பி வெச்சிருக்கே," என்றாள் அண்ணி.

நெருக்கி வைத்தாள். இடம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

"உனக்கு அடுக்கத் தெரியலை, தள்ளு." அண்ணி குனிந்து நூலுக்கு அடியில் நுழைந்து, பக்கெட்டுகளை இழுத்து இழுத்து வைத்தாள். மூட்டு பிடித்துக்கொள்ளவே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி சுற்றி வந்து பார்த்தான். "அக்கா, அஞ்சு பக்கெட்டும் உள்ள இருக்கு. நீயும் இருக்கே. இன்னும் ஓவர்லோடு ஆகலை."

"வாயை மூடுடா."

துளியக்காவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அண்ணி நூலையும் பக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி நோட்டைக் கேட்டாள். நூறைப் பக்கத்துப் பக்கத்தில் மூன்று முறை எழுதி, பெருக்கினாள். பத்து லட்சம் கன சென்டிமீட்டர். ஆயிரத்தால் வகுத்தாள். ஆயிரம் லிட்டர்.

அண்ணி பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள்.

"அன்னிக்குப் பரீட்சையில நூறுன்னுதான் எழுதினேன்," என்றாள் அண்ணி, உள்ளே உட்கார்ந்தபடியே. "ரெண்டு மார்க் குறைச்சுட்டான். இருபத்திரண்டு வருஷமா அவனை நான் திட்டாத நாள் இல்லை. பாவம், சரியாத்தான் திருத்தியிருக்கான்."

துளியக்காவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இரண்டு பக்கெட்டை வெளியே இழுத்துவிட்டு, தானும் நூலுக்கு அடியில் நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"மீதி எல்லாம் நீங்க சரியாத்தான் சொல்லிக்கொடுத்தீங்க அண்ணி. உங்களை விட்டா எனக்கு யாரு?"

"அழாதடி. மோல் கணக்கு பாக்கி இருக்கு."

அவர்கள் அங்கேயே உட்கார்ந்து மோல் கணக்கைப் போட்டார்கள். எழுந்திருக்கும்போதுதான் நூல் அறுந்தது.

தேர்வில் பதினோராவது கேள்வி இரண்டரைக் கன மீட்டர் தொட்டி. துளியக்கா பழைய வழக்கப்படி 24 என்று தொடங்கிவிட்டாள். பேனா நின்றது. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, அடித்துவிட்டு, 2500 லிட்டர் என்று முழுசாக எழுதினாள். ஒரு டப்பா பெயிண்டை அப்படியே கவிழ்த்துவிட்டது போலத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. அறுபத்தொன்று. தேறிவிட்டாள்.

அண்ணி மதிப்பெண் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். அவள் அன்று வாங்கியது நாற்பத்தேழு. "இப்பல்லாம் தாராளமாப் போடறாங்க," என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். துளியக்காவுக்குச் சுருக்கென்றது.

உள்ளே போனவள் போனில் பேசுவது கேட்டது. "எங்க வீட்டுப் பொண்ணு பாஸாயிட்டா. அறுபத்தொண்ணு. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்." அடுத்த போன் சித்திக்கு. அதில் அறுபத்தைந்தாயிற்று. மாமாவிடம் பேசும்போது எழுபத்திரண்டு. கடையே இனி இவள் கையில்தானாம்.

துளியக்கா வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி அடுத்த எண்ணை அழுத்தும் சத்தம் கேட்டது. மதிப்பெண் தொண்ணூறைத் தாண்டுவதற்குள் நிஜத் தாளை மேனேஜரிடம் கொடுத்துவிடலாம் என்று அவசரமாகச் செருப்பை மாட்டினாள்.