பத்து கிராம் குறைத்துக் காட்டிய தராசு

ரேணிகுண்டாவில் நான் வேலை பார்க்கும் தராசுப் பட்டறைக்கு, இமயமலை அடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து எலக்ட்ரானிக் தராசு ஒன்று வந்தது. வாங்கியவர்கள் சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஆலைக்காரர்கள். கிராம் வரைக்கும் காட்டும். எங்கள் பத்து கிலோ எடைக்கல்லை ஏற்றினேன். பத்து கிராம் குறைத்துக் காட்டியது.

மேசை மட்டம், ஃபேன் காற்று, தட்டில் தூசி, சூடேற வேண்டிய நேரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினேன். எண் மாறவில்லை.

பட்டறையின் மூத்த மெக்கானிக் அண்ணா எடைக்கல்லைப் புரட்டிப் பார்த்தார்.

"கல்லு தேஞ்சி போச்சும்மா. எத்தினி வருசமா தூக்கிக்கினு அலையறோம்! குழியில ஈயம் ஊத்தினா சரியாப் பூடும்."

எடைக்கல்லின் அடியில் ஈயம் அடைத்த குழி உண்டு. அதன்மேல்தான் அரசு முத்திரை. அவர் அதற்குள் ஈயம் உருக்க ஸ்டவ்வைப் பற்ற வைத்துவிட்டார்.

புத்தலப்பட்டு, கங்காதர நெல்லூர் மண்டித் தராசுகளை அந்தக் கல்லை வைத்துத்தான் சரி செய்கிறோம். கல் கனத்துவிட்டால் அத்தனை தராசும் குறைத்துக் காட்டும். எங்கள் வீட்டு மாங்காயும் அவற்றில்தான் ஏறுகிறது.

"ஊத்தாதீங்கண்ணா. கல்லு சரியாத்தான் இருக்கு. பூமி சுத்தறதால வர்ற வித்தியாசம் இது."

"ஏம்மா, பூமி இன்னிக்குத்தான் சுத்த ஆரம்பிச்சிச்சா? இத்தினி நாளு நின்னுக்கினு இருந்துச்சா?"

"மண்டித் தராசுங்கள இங்கயே சரி பண்றோம்ணா. இது வடக்கேர்ந்து வந்தது."

கிரைண்டர் சுற்றும்போது மாவு ஓரத்துக்கு ஒதுங்குகிறதே, அதைச் சொன்னேன். பூமியின் சுழற்சியும் நம்மை மெல்ல வெளியே தள்ளுகிறது. துருவத்தில் அந்தத் தள்ளல் இல்லை. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் கூடும். சுழன்று சுழன்று பூமி நடுவில் சற்று உப்பியும் இருக்கிறது. அதனால் அதே கல், வடக்கே அழுத்துவதைவிட இங்கே துளி குறைவாகத்தான் தட்டை அழுத்தும். தராசை அங்கேயே சரி செய்து அனுப்பிவிட்டார்கள்.

"வாயால சொன்னா ஆச்சா?" என்றார்.

ஸ்டவ்வை அணைத்தேன். பக்கத்து இரும்புக் கடைக்காரர் புதிதாக முத்திரை வாங்கிய பத்து கிலோ கல்லைக் கேட்டு வாங்கி வந்து ஏற்றினேன். அதே பத்து கிராம் குறைவு.

"புதுக் கல்லும் தேஞ்சிடுச்சாண்ணா?"

இரண்டு கற்களையும் பழைய இரும்புத் தராசின் இரு தட்டிலும் வைத்தேன். முள் நடுவில் நின்றது. பூமி எப்படிச் சுற்றினாலும் இரண்டு தட்டுக்கும் ஒரே தள்ளல்தான். அவர் ஒரு தட்டை விரலால் தட்டினார். ஆடிவிட்டு முள் மறுபடி நடுவுக்கே வந்தது.

"அவுனு..." என்று தெலுங்கில் ஆமாம் போட்டு இழுத்தார். "அப்போ நான் வடக்க போனா வெயிட்டு ஏறுவனா?"

"கொஞ்சம்."

"வாணாம்மா. ஏற்கெனவே வீட்ல திட்டறாங்க. இங்கயே இருந்துக்கினு போறேன்."

புதுத் தராசை எங்கள் கல்லுக்குச் சரி செய்தேன். பத்து கிலோ துல்லியமாக நின்றது. பிறகு முத்திரை கலையாத அந்தக் கல்லைத் துணியில் சுற்றி, மறுநாள் புத்தலப்பட்டுக்கு எடுத்துப்போகும் பையில் வைத்தேன்.