எரிந்த குடிகளுக்காகக் கேட்டுப் போன நாட்கள்

கல்லடியில் சாவு அறிவித்தல் என்றால் என் குரல்தான். முச்சக்கரவண்டியின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, இன்னார் காலமானார், இத்தனை மணிக்கு நல்லடக்கம் என்று தெருத் தெருவாகச் சொல்லிப் போவேன். கோயில் திருவிழாவுக்கும் தண்ணீர் வெட்டுக்கும்கூடச் சொல்வதுண்டு. ஆனால் நான் மைக்கைத் திறந்து தொண்டையைச் செருமினாலே வீடுகளில் பேச்சு நின்றுவிடும். யார் போய்விட்டார்கள் என்று வாசலுக்கு வந்து பார்ப்பார்கள்.

அந்த வருடம் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வழக்கத்தைவிடக் கடுமையாக அடித்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பற்றைக்காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சிறிய குடியிருப்பு இருந்தது. மாடு வளர்ப்பவர்களும் பக்கத்து வட்டைகளில் வயல் வேலைக்குப் போகிறவர்களும் அங்கே ஓலையும் தகரமும் கொண்டு வீடு கட்டி இருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் காட்டில் பிடித்த தீ காற்றோடு சேர்ந்து அவர்கள்மேல் வந்தது. ஓட வேறு திசை இல்லாமல் எல்லோரும் வாவிக்குள் இறங்கி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். நின்றபடியே வீடுகள் எரிவதைப் பார்த்தார்கள். கட்டியிருந்த கன்றுகளை அவிழ்க்கப் போன ஒருவர் திரும்பவில்லை. ஒரு பால்குடிப் பெண்பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு ஓடும்போதே தீ பிடித்துவிட்டது. அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்து இறந்தது.

மிஞ்சியவர்களை ஒரு பாடசாலையில் தங்க வைத்தார்கள். எங்கள் கோயில் செயலாளர் என்னிடம் வந்து, வீடு கட்டக் காசு சேர்க்க வேண்டும், உன் வண்டி வேண்டும் என்றார். கூலி வேண்டாம், பெற்றோல் மட்டும் போடுங்கள் என்றேன். அவருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது.

“உன்ட குரலை மட்டும் கேட்டா சனம் செத்த வீடு எண்டு நினைக்கும். அங்கயிருந்து ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போவம்” என்றார்.

அப்படித்தான் கன்றுகளை அவிழ்க்கப் போனவரின் மனைவி என் வண்டியில் ஏறினாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒரு பக்கத் தலைமயிர் பொசுங்கி, காதோரம் கட்டையாக நின்றது. யாரோ கொடுத்த சேலை அவளுக்கு நீளம் காணாமல் இருந்தது. மகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

முதலில் கல்லடி. பிறகு காத்தான்குடி. ஒவ்வொரு சந்தியிலும் நான் அறிவித்து முடிய, ஆட்கள் கூடி, எப்படி நடந்தது என்று அவளிடம் கேட்பார்கள். அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். காற்று திரும்பினது, புகை வந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாவிக்குள் இறங்கினோம், அவர் கன்றுகளை அவிழ்க்கப் போனவர் வரவில்லை. இதற்குமேல் ஒரு சொல் வராது. செயலாளர் ஒருமுறை தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நல்லது என்றார். அவள் தலையாட்டினாள். அடுத்த சந்தியிலும் அதையே சொன்னாள்.

காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைக்காரர் எதையும் கேட்கவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே இருத்தி, பிளேன்டீ கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை வாடிக்கையாளர்களைக்கூட மெதுவாகத்தான் கவனித்தார். பிறகு சாரமும் சேலையும் பிள்ளைகளின் உடுப்புகளும் மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றினார். அந்த நாட்களில் அவள் சற்று நிமிர்ந்து இருந்ததை அங்கேதான் பார்த்தேன்.

அடுத்ததாகத் தேற்றாத்தீவுக்குப் போனோம். சந்தைக்கு வந்த சனம் வண்டியைச் சுற்றி நின்றது. அவள் தன் நாலு வசனத்தையும் சொல்லி முடித்தபோது, மரக்கறிப் பையோடு நின்ற ஒருவர் முன்னால் வந்தார்.

“தண்ணிக்குள்ள நிண்டதெல்லாம் சரி. நெருப்பு எங்கால வந்தது? புதுப் புல்லு முளைக்கட்டும் எண்டு நீங்கதானே காட்டைக் கொளுத்துற. நானும் மாடு வைச்சிருக்கிறவன்தான்” என்றார்.

செயலாளர் குறுக்கே புகுந்து, அது யாருக்கும் தெரியாது, வழியால் போனவர்கள் யாராவது பீடி எறிந்திருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். என் கையிலிருந்த மைக்கைக் கேட்கவில்லை. சாதாரணக் குரலில்தான் பேசினாள்.

“ஓம். கொளுத்தினது என்ட அவர்தான். காலையில காத்து இல்லாமக் கிடந்தது. ஒரு மூலையை மட்டும் எரிச்சிட்டு வாறன் எண்டு போன. நெருப்புப்பெட்டி எடுத்துக் குடுத்தது நான்.”

கேட்டவர் பையைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டார். சிலர் தகரப் பேணிக்குள் காசு போட்டார்கள். கூடுதலானவர்கள் போடாமலே கலைந்தார்கள். செயலாளர் வண்டிக்குள் ஏறி, போகலாம் என்றார். களுவாஞ்சிக்குடிக்கும் போக இருந்தோம், போகவில்லை.

செயலாளர் கல்லடியில் இறங்கும்போது, நாளையிலிருந்து அவள் வரத் தேவையில்லை என்று என்னிடம் சொன்னார், அவளிடம் அல்ல. அவளைப் பாடசாலையில் விடப் போகும்போது, ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவள் பாலம் தாண்டிய பிறகுதான் சொன்னாள்.

“எல்லாரும் என்னைப் பாவம் எண்டு பார்க்கிறாங்க அண்ணன். அந்தச் செத்த புள்ளையின்ட தாய் எனக்குப் பக்கத்துப் பாயில படுக்கிறா. ராவில அவட பால் கட்டி நோகுது. எனக்கு மூச்சு விடேலாமக் கிடந்தது.”

நாங்கள் போய்ச் சேருமுன்னே தொலைபேசியில் சங்கதி பாடசாலைக்குப் போய்விட்டது. வாசலில் நின்றவர்கள் அவளுக்கு வழி விட்டார்கள். யாரும் ஏசவில்லை. அவளுடைய பாய் வெளி விறாந்தையில் விரித்திருந்தது. மகள் அதன்மேல் இருந்து தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சேர்ந்தது குறைவு. அவர்களே கொளுத்திவிட்டு எங்களிடம் வருகிறார்களா என்று வாசலில் நின்றே கேட்டார்கள். எரிந்த மற்ற வீட்டுக்காரர் யாரும் தீ வைக்கவில்லை என்று நான் மைக்கில் சொன்னேன். சொல்லும்போது அவளை ஒதுக்கித்தான் சொல்கிறேன் என்று எனக்கே கேட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கடைசியில், சேர்ந்த காசில் வாங்கிய கூரைத் தகரங்களையும் சட்டி பானைகளையும் பாடசாலை மண்டபத்தில் வைத்துப் பிரிக்கக் கூடினார்கள். அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு மூன்று பேர் எழும்பி நின்றார்கள். செயலாளர் சமாளித்துப் பார்த்தார், முடியவில்லை. அப்போது சுவரோரம் இருந்த ஒருத்தி பேசினாள். பிள்ளையை இழந்த தாய். இரண்டு கைகளிலும் முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது.

“அவளுக்கும் குடுங்க. அவட வீடும் எரிஞ்சதுதானே” என்றாள். சற்று நிறுத்தி, “ஆனா எங்களுக்குப் பக்கத்துல அவ வீடு கட்ட வேணாம். என்னால பார்த்துக்கொண்டு இருக்கேலா” என்றாள்.

விறாந்தையில் நின்றவள், சரி என்றாள். அது உள்ளே எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

வந்தாறுமூலைப் பக்கம் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். தகரங்களை ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவளையும் மகளையும் என் வண்டியில் கூட்டிப் போனேன். எரிந்த இடத்தைத் தாண்டித்தான் பாதை போனது. இடையில் ஒரு மழை பெய்திருந்தது. கரிந்து நின்ற வீட்டுக் கப்புகளைச் சுற்றிச் சாம்பலுக்குள்ளால் பச்சைப் புல் விரல் உயரத்துக்கு வந்திருந்தது. யாருடையதோ மாடுகள் அதை மேய்ந்துகொண்டு நின்றன. வண்டியை நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மகள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

தம்பி எங்களை வா என்று பெரிதாகக் கூப்பிடவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தைக் கொத்திச் சமன் செய்து வைத்திருந்தான். நானும் கை கொடுக்க, தகரங்களை இறக்கினோம்.

பிறகொரு நாள் திருவிழா அறிவித்தலுக்காக அந்தப் பக்கம் போனபோது, அவள் அரிசி ஆலையில் நெல் காயப்போடுவதைக் கண்டேன். மயிர் வளர்ந்து சீவக்கூடியதாக இருந்தது. மகள் பள்ளிக்குப் போகிறாள் என்றாள். பிறகு, அந்தத் தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

வீடு கட்டிவிட்டாள், கை ஆறிவிட்டது, ஆனால் ஒருவரோடும் பேசுவதில்லை என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். முதலாளி கூப்பிட, நெல்லைக் கிளறும் பலகையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் போனாள்.