நான் காட்டாமல் விட்ட நான்காவது விவரம்

மாரிக்கனிக்கு வேலை போனதற்குக் காரணம் நான். ஆறு வருடம் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஊரார் தவறுகளை இந்தப் பக்கத்தில் நிறைய எழுதியாயிற்று. இந்த வாரம் என்னுடையது.

கோவில்பட்டியில் ஒரு விதை கம்பெனிக்கு டேட்டாபேஸ் செய்து கொடுத்தேன். மவுஸ் வேலை கிடையாது — கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்தால் பதில் வரும். ஒரு டேபிளின், அதாவது தகவல் அட்டவணையின், அமைப்பைக் கேட்டால், ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு விவரம் வர வேண்டும். அதன் பெயர், அதில் என்ன எழுதலாம், காலியாக விடலாமா, விட்டால் கம்ப்யூட்டர் தானாக எதை நிரப்பும்.

நான்காவதையும் சேர்த்தால் வரி மடிந்து கீழே விழுந்தது. பார்க்க அசிங்கம். எனக்கோ எல்லாம் நேர்கோட்டில் நிற்க வேண்டும்! நான்காவதைத் தூக்கிவிட்டேன்.

அங்கே விதை மூடைகளைப் பதிவு செய்தவர் மாரிக்கனி. ஒருநாள் கேட்டார்.

"சார், முளைப்புச் சோதனை முடியாத மூடைக்குத் தேதியக் காலியா விடலாமா? வேற ஏதும் ஆயிராதுல்லா?"

"திரையில என்ன தெரியுதோ அதாம்மா. காலியா விடலாம்னு போட்டிருக்குல்லா?"

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

காலியாக விட்டார். கம்ப்யூட்டர் அன்றைய தேதியைச் சோதனை முடிந்த தேதியாக நிரப்பிக்கொண்டது. சோதிக்காத உளுந்து, சோதித்த உளுந்தாகி வெளியே போனது... கடம்பூர்ப் பக்கம், அவருடைய சொந்த ஊருக்கே.

கரிசலில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவார்கள். மழை வந்தது. விதை முளைக்கவில்லை. மறுபடி விதைக்க ஈரம் நிற்கவில்லை. 'நம்ம பிள்ள இருக்குத கம்பெனி' என்று நம்பி வாங்கியவர்கள் அவரிடம் பேச்சை நிறுத்தினார்கள். பொய்த் தேதி போட்டார் என்று கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது. கோளாறு எங்கே என்று எனக்கு அன்றே தெரியும். வாய் திறந்தேனா?

போன மாதம்தான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்லுதீங்க? நான் அந்தத் தேதியப் போடலன்னு எனக்குத் தெரியாதா? ஊர்ல சொல்லுங்க."

அவர் ஊர் டீக்கடை முன்னால் நின்று சொன்னேன். டேபிள், கட்டம் என்று ஆரம்பித்ததுமே ஒரு பெரியவர் கையமர்த்தினார்.

"அண்ணாச்சி, சுத்தி வளைக்காதீங்க. தப்பு அந்தப் பிள்ள மேல இல்ல, உங்க மேல. அப்படித்தான?"

"ஆமா."

"ஒரு டீ குடிக்க நேரங்கூட ஆகல, சொல்லி முடிச்சிட்டீங்க. இதுக்கா ஆறு வருஷம்?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெரியவரும் சிரிக்கவில்லை.

கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்தேன். திரையில் இப்போது நான்காவது விவரமும் வருகிறது. வரி மடிந்துதான் விழுகிறது — விழட்டும்.

ஊரில் மாரிக்கனியிடம் பேசுகிறார்கள். எந்த விதை வாங்கலாம் என்று யோசனைகூடக் கேட்கிறார்களாம். என் போனை மட்டும் அவர் எடுப்பதில்லை.

எடுக்கவும் வேண்டாம்.