விரதக்காரிக்குப் போட்ட கேக்

பாக்கியம் அக்காவின் தைப்பூச விரதத்தை ஏழு ஆண்டுகளாகக் கெடுத்து வருபவள் நான்தான்.

கேக்கால் கெடுத்தேன்... ஒவ்வொரு கேக்கிலும் ஆறு முட்டை.

முகம் சுளிக்காதீர்கள், முதலில் கேளுங்கள். என் அம்மா கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், துரை பங்களாவில் சமைத்தவர். நான்கு மணித் தேநீர், சாசரோடு கோப்பை, வெண்ணெய்க் கேக்... அந்தப் பவிசெல்லாம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகிப் புந்தோங்குக்கு வந்ததும், பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவையும் தலைமையாசிரியர் மனைவியையும் தேநீருக்கு அழைத்தேன். அக்கா விரதத்தில் இருந்தது எனக்குத் தெரியாது.

கேக்கை நீட்டினேன். அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

“தங்கச்சி, மக வயித்துல ஒரு புள்ள தங்கணும்னு பால்குடம் எடுக்குறேன். முட்ட கிட்ட போட்டிருக்கியா?”

அந்தத் தேநீருக்காக இரண்டு நாள் கோப்பை துடைத்தவள் நான். தலைமையாசிரியர் மனைவி வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லக்கா. தயிருதான்.”

அக்கா மூன்று துண்டு சாப்பிட்டார்.

அன்று முதல் நான் முருகனைக் கண்ணை மூடியே கும்பிட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை தங்காமல் போனால்? என் முட்டையல்லவா காரணம்? ஆனால் அடுத்த தைப்பூசத்துக்குள் பேரன் பிறந்துவிட்டான்! அக்கா ஆண்டுதோறும் செலுத்தும் நேர்த்திக்கடனோடு என் கேக்கையும் சேர்த்துவிட்டார்.

அந்த ஆண்டு, சத்தியமாக, தயிர் மட்டும் ஊற்றிச் செய்தேன். செங்கல்லாக வந்தது. அக்கா ஒரு துண்டைப் பாடுபட்டு விழுங்கினார்.

“கேக்கு இப்படி வந்திருக்கே, என் விரதத்துல ஏதும் கொறையா லா?”

அந்தப் பயந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே ஆறு முட்டை உடைத்து வேறொன்று செய்து, தயிர்தான் என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் பொய் வாய் தவறி வந்தது. இது? அக்காவுக்காகச் செய்தேனா, என் கேக்கின் பெயருக்காகவா... இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

நேற்று அக்கா வேலியருகே வந்தார்.

“மகளுக்கு ரெண்டாவதும் தங்கணும்னு இந்தத் தடவ அவளும் வெரதம். நாளைக்கு ரெண்டு மணிக்குக் கூட்டிட்டு வாரேன். முட்ட போடாத அந்தக் கேக்க எங்க கண்ணு முன்னால செஞ்சு காட்டு லா.”

“சரிக்கா” என்றேன். வேறு என்ன சொல்வேன்?

இப்போது மணி ஒன்று ஐம்பத்தைந்து. மேசையில் தயிர் இருக்கிறது. முட்டைகள் அரிசி டின்னுக்குள் இருக்கின்றன. வேலிக்கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது...