இரண்டு கையிலும் காப்பு

போன புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்... கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. தெரணியகலையிலிருந்து மேலே ஏறினால் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிற சின்னக் கோயில். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும் என்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் எப்போதும் நான்தான்.

இந்த முறை மகள் தர்ஷினியும் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பெரிய கச்சேரி. அதற்கு முன் அம்மனைக் கும்பிட வந்தவள். பூசாரி என் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டி முடித்ததும், நான் மகளின் கையையும் பிடித்து நீட்டினேன்.

"பிள்ளைக்கும் கட்டுங்க அண்ணே. நல்ல காரியத்துக்குப் போறா."

காப்பு என்றால் காவல்தானே? அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது.

கோயில் வாசலைக்கூடத் தாண்டவில்லை — என் மனைவி செல்வி கேட்டாள்: "ஏங்க, காப்பு கட்டுனவங்க கடைசி நாள் தீர்த்தம் முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாதே. திங்கக்கிழமதானே தீர்த்தம்? இவ எப்படிங்க கொழும்புக்குப் போவா?"

மகள் கையிலிருந்த கயிற்றைத் திரும்பிப் பார்த்தேன்.

விதி தெரியாதவன் அல்ல நான். வருடா வருடம் கட்டுகிறேன். ஆனால் எல்லையைத் தாண்ட எனக்கு என்றைக்கு அவசரம் வந்தது? நான் எங்கே போகப் போகிறேன்?

மகளின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இசையமைப்பாளர் என்றால் உடனே "எந்தப் படம்?" என்பார்கள். படம் இல்லை. மேல்நாட்டு சாஸ்திரிய சங்கீதம். வயலினும் குழலும் முரசுமாக மேடை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வாசிக்க வேண்டியதை எழுதுவது அவள்; அவர்களைப் பார்த்தபடி முன்னால் நின்று, சின்னக் குச்சியை அசைத்து அவர்களை நடத்துவதும் அவள்.

பக்கத்து லயத்து வரிசை வீட்டு முருகேசு ஒருநாள் அவளிடமே கேட்டான்.

"யாரு பாப்பா பாடுறது?"

"யாரும் பாட மாட்டாங்க மாமா."

"அப்ப நீ என்னா வாசிப்ப?"

"நான் ஒண்ணும் வாசிக்கிறதில்ல."

"அட... ஆளுங்கள வேலை வாங்குற கங்காணி வேலன்னு சொல்லு!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கேகாலையில் ஒரு சிங்கள டீச்சர் அவள் கையில் வயலினைக் கொடுத்ததில் தொடங்கிய கதை இது. பிறகு கொழும்பில் படிப்பு, கொஞ்ச காலம் வெளிநாடு, திரும்பி வந்து பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம், மிச்ச நேரத்தில் எழுத்து. மற்றவர்கள் எழுதியதைப் பல மேடைகளில் நடத்திவிட்டாள். தானே எழுதிய பெரிய படைப்பை நடத்துவது இதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு அவள் போய் நிற்காவிட்டால், குச்சியை வேறொருவர் பிடிப்பார்.

அன்று மாலையே, ஒத்திகைக்கு வருவாளா என்று கேட்டுக் கொழும்பிலிருந்து போன். "ஹரி, மம எனவா" — சரி, வருகிறேன் — என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க கட்டுனது அப்பா. நீங்களே சொல்லுங்க. போக வேணாம்னா போகல."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்படிச் சொன்னால்? அம்மன் பேச்சா, பிள்ளையின் பிழைப்பா? உட்கார்ந்தால் மனசு எழும்பச் சொல்கிறது, எழும்பினால் நடக்கச் சொல்கிறது. வீட்டுக்கும் கோயிலுக்குமாக எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு பூசாரியிடம் போய் நின்றேன். "அவுத்துட முடியாதா அண்ணே?"

"கட்டுறப்ப யோசிச்சிருக்கணும். நான் யாரு அவுக்க? பூப் போட்டுக் கேப்போம்."

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியே வெற்றிலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் போகலாம். எடுத்துப் பிரித்தார்...

சிவப்பு.

தர்ஷினி கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் தோன்றியது — இவள் போகலாமா என்றுதானே கேட்டோம்? கட்டிவிட்டது நான். என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லையே?

"அண்ணே, இன்னொரு தடவை கேளுங்க. அவ காப்பை நான் சுமக்கலாமான்னு கேளுங்க. அவ விரதமும் எனக்கு, அவளுக்கு வர்ற குத்தமும் எனக்கு."

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னய்யா, அம்மாகிட்ட பேரம் பேசுறியா?"

"அம்மாகிட்ட பேசாம வேற யாருகிட்ட அண்ணே பேசுறது?"

முணுமுணுத்துக்கொண்டே மடித்தார். எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை!

மகளை ஓடிப் போய்க் கூட்டி வந்தேன். அவள் கையிலிருந்த கயிறு என் இடது கைக்கு வந்தது. வெளியே நின்ற முருகேசு விடுவானா? "என்னா மச்சான், ரெண்டு கையிலயும் விலங்கு! எந்த ஸ்டேஷன்?" சிரித்தேன். எத்தனையோ மணி நேரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

வெள்ளி விடியற்காலை பஸ்ஸில் தாயும் மகளும் போனார்கள். எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று கை காட்டினேன்.

ஞாயிறு மாலை. செல்வி போனில் படத்தோடு காட்டுவதாக ஏற்பாடு. கோயிலுக்குப் பக்கத்தில் சிக்னல் பிடிக்கும் மேட்டில் ஏறி நின்றேன். மேடை தெரிந்தது. கறுப்பு உடுப்போடு மகள் நடந்து வந்தாள். கையைத் தூக்கினாள்...

படம் போய்விட்டது. மண்டபத்தில் போனை அணைக்கச் சொல்லிவிட்டார்களாம்; செல்வி அதைத் திரும்பப் போடவே மறந்துவிட்டாளாம்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சரியாக வாசித்தார்களா? பாதியில் நின்றுபோனால்? ஏதாவது நடந்தால் அது நான் கட்டிய காப்பால்தானே? 'தாயே, குத்தம் எனக்கு, அவளுக்கில்ல' என்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை செல்வி வந்து சேர்ந்தாள். பையைக் கீழே வைக்க விடவில்லை நான்.

"எப்படி இருந்துச்சு?"

"சனமெல்லாம் எழும்பி நின்னு கை தட்டுச்சுங்க."

"பிள்ளை?"

"அவ எங்க எங்களப் பாத்தா? ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் முதுகைக் காட்டிக்கிட்டேதான் நின்னா!"

பெற்ற பிள்ளை முதுகைக் காட்டி நின்றதை இவ்வளவு பெருமையாகச் சொல்லும் ஒரு தாயை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.