தோற்றவர்தான் அடுக்க வேண்டும்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தெம்பனிஸ் நிலையத்தில் ரயில் ஏறி, கதவோரக் கண்ணாடித் தடுப்பில் சாய்ந்து நின்றபோது கைப்பேசி அதிர்ந்தது. திரையில் பச்சைப் பட்டை ஒன்று வந்து, நீங்கள் வென்றுவிட்டீர்கள், எதிராளியின் நேரம் முடிந்துவிட்டது என்றது. வண்ணக் காகிதத் துணுக்குகள் மேலிருந்து கொட்டின. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற பள்ளிப் பெண் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு வாய்விட்டே சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த எதிராளி என் அண்ணன். அந்த நேரத்தில் அவன் புக்கிட் மேராவில் தன் வீட்டுக் குளியலறைத் தரையில் இறந்து கிடந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பலதுறை மருந்தகம் ஒன்றில் மருந்து கொடுக்கும் முகப்பில் வேலை பார்க்கிறேன். கைப்பேசியில் விளையாட்டு ஆடுகிறேன் என்றால் உடன் வேலை செய்யும் பெண்கள் கேலி செய்வார்கள்; பேரப்பிள்ளை எடுக்க வேண்டிய வயதில் இதெல்லாம் தேவையா என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். நாள் முழுவதும் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசை எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக் காத்திருப்பார்கள். ஒருவருக்கு மாத்திரை நிறம் மாறிவிட்டது, இன்னொருவருக்கு வரிசை நகரவில்லை, எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம். மாலையில் ரயிலில் உட்கார்ந்து, அட்டைப் பெட்டிகளிலிருந்து யாரோ ஒருத்தியின் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கும் விளையாட்டு ஒன்றை ஆடுவேன். அதில் யாரும் பேச மாட்டார்கள். தேநீர்க் கோப்பைக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தில் வைத்தால் சரி, அவ்வளவுதான். மழை பெய்துகொண்டே இருக்கும் ஓர் ஏரியில் மீன் பிடிக்கும் விளையாட்டும் பிடிக்கும். மீன் சிக்காவிட்டாலும் அதில் ஒன்றும் நட்டமில்லை. நல்ல விளையாட்டு என்பது நம்மைக் கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவர்களாக ஆக்கிவிடுகிறது. எனக்கு அந்தச் சுகம் வேண்டியிருந்தது. கொஞ்சம் அதிகமாகவே வேண்டியிருந்தது.

ஆனால் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அண்ணனோடு ஆடியதுதான். இரண்டு பேர் மாறி மாறிச் சதுர ஓடுகளை வைத்து ஓர் ஊரைக் கட்ட வேண்டும். ஓட்டில் சாலை இருக்கும், ஆறு இருக்கும், மதில் சுவர் இருக்கும். சுவரை யார் முழுசாக மூடுகிறாரோ ஊர் அவருக்கு. ஒரு முறை ஓடு வைத்துவிட்டால் எதிராளிக்கு மூன்று நாள் அவகாசம். யாரும் அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. அண்ணன் காலையில் கோப்பி குடிக்கும்போது ஒன்று வைப்பான், மத்தியானம் ஒன்று, ஏழு மணிச் செய்திக்கு முன்னால் ஒன்று. ஒருவரோடு வருடக்கணக்கில் ஆடினால் அவருடைய குணம் முழுவதும் பலகையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவனுக்குப் பேராசை. சின்ன ஊராக மூடிப் புள்ளியை எடுத்துக்கொண்டு போகத் தெரியாது. பெரிதாக, இன்னும் பெரிதாக என்று சுவரை நீட்டிக்கொண்டே போவான், நான் காத்திருந்து கடைசி ஓட்டை வைத்துப் பிடுங்கிக்கொள்வேன். சர்க்கரை நோய்க்கு அவன் மருத்துவரைப் பார்க்கப் போகும் நாள் எனக்குத் தெரியும், அன்று ஆட்டம் மந்தமாக இருக்கும். கால் வலி அதிகமான வாரங்களில் அவசரப்பட்டுத் தப்பான இடத்தில் வைப்பான்.

இவ்வளவும் தெரிந்த எனக்கு அவன் குரலைக் கேட்டு நான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

அம்மாவை, முதியோரைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்தில் சேர்த்தது நான். அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து, அடுப்பைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடுவார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், மகள் அப்போது பல்கலைக்கழகத்தில். அண்ணன் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் மாறுநேர வேலை பார்த்தான், மனைவி விட்டுப் போனபின் தனி ஆள். யாராலும் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டது மட்டும் நான். அம்மா எட்டு மாதம் அங்கே இருந்தார், பிறகு போய்விட்டார். தகனச் சாலைக் கூடத்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றிருக்க, நான் அழுதபோது அண்ணன் சொன்னான்.

“போதும்லா, நடிக்காதே. நீதானே கொண்டுபோய் விட்டே.”

இனிமேல் எனக்கு அண்ணன் இல்லை என்று நானும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். எங்கள் குடும்பத்தில் இது புதிதில்லை. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே மாடியில் ஆறு வருடம் பேசாமல் இருந்தவர்கள். மின்தூக்கியில் ஒன்றாக ஏறி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இறங்குவார்கள். எங்களுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டோம், பேச்சை நிறுத்திவிடுவோம். யார் முதலில் பேசுகிறாரோ அவர் தோற்றவர். நான் அவன் எண்ணைக் கைப்பேசியில் முடக்கி வைத்தேன்.

மறுநாள் அம்மாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, சண்டைக்கு முன்பு பாதியில் நின்றிருந்த ஆட்டத்தில் ஓர் ஓடு புதிதாக வைக்கப்பட்டிருந்தது. எண்ணை முடக்கிய நான் இதை மறந்திருந்தேன். சின்னச் சாலைத் துண்டு, எனக்கு நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது பேச்சில்லை, விளையாட்டுத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓர் ஓடு வைத்தேன். அப்படி ஆரம்பித்தது நான்கு வருடம் ஓடியது. விளையாட்டில் பேசுவதற்கென்று ஒரு பெட்டி உண்டு, இருவரும் அதைத் திறக்கவே இல்லை. ஒரே ஒரு விதிமுறை மட்டும் எங்களுடையது. சின்ன வயதில் வீட்டுத் தரையில் கேரம் ஆடுவோம். தோற்றவர்தான் காய்களை அடுக்க வேண்டும், வென்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் தோற்றவர் அடுக்காமல் எழுந்திருக்கக் கூடாது. அதையே இங்கேயும் வைத்துக்கொண்டோம். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, தானாக வந்தது. தோற்றவர் புதிய ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்புவார். வென்றவர் அனுப்ப மாட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை அவன் ஒரு வாரமாகக் கட்டிக்கொண்டிருந்த ஊரை நான் பிடுங்கினேன். பெரிய ஊர், பதினோரு ஓடு. அதை இழந்தால் ஆட்டமே போயிற்று. மத்தியானம் அவன் ஓடு வரவில்லை, ஏழு மணிக்கும் வரவில்லை. எனக்கு உள்ளூரக் குஷி. நன்றாக உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை மகளோடு தேக்கா சந்தைக்குப் போனேன். மீன் வாங்கி, கீரை வாங்கி, ஈரச்சந்தைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். மகள் எட்டிப் பார்த்தாள். எதிராளி தாமதித்தால் அவருக்கு நினைவூட்ட ஒரு மணி அடையாளம் வரும், தொட்டால் அவர் கைப்பேசி ஒலிக்கும். அது திரையின் ஓரத்தில் வந்து நின்றது.

“மாமா இன்னும் மூவ் பண்ணலியா? பெல்ல அழுத்துங்கம்மா,” என்றாள்.

“அவனுக்கு ரோஷம். தோக்கப் போறோம்னு தெரிஞ்சிடுச்சு, மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருப்பான். இருக்கட்டும்,” என்றேன்.

தேக்காவிலிருந்து புக்கிட் மேராவுக்கு ஒரே பேருந்துதான். அரை மணி நேரம்கூட ஆகாது. அது அப்போது என் நினைவில் வரவே இல்லை. மீன் கெட்டுவிடும் என்பது வந்தது.

செவ்வாய்க்கிழமை வென்றேன். அதற்குப் பிறகும் நான் அசையவில்லை. தோற்றவன் அவன், அழைப்பு அவனிடமிருந்துதான் வர வேண்டும். புதன் முழுவதும் முகப்பில் மருந்து கொடுத்துக்கொண்டே இடையிடையே பார்த்தேன். இத்தனை அழிச்சாட்டியமா இவனுக்கு என்று கோபம்கூட வந்தது. வியாழன் காலை பத்தரைக்குக் காவல்துறையிலிருந்து அழைத்தார்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாள் வாடை வருகிறது என்று புகார் செய்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நாடா கட்டியிருந்தது. உள்ளே விடவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடையாளத்துக்கு அவன் கைக்கடிகாரத்தையும் கால் விரலில் பழைய வெட்டுக் காயத்தையும் படத்தில் காட்டினார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, நகர முடியவில்லை. இளம் தமிழ் அதிகாரி ஒருவர், என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

“அக்கா, உங்க அண்ணன்கிட்ட கடைசியா எப்ப பேசுனீங்க?”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். என்ன பேசினார், உடம்பு முடியவில்லை என்று ஏதும் சொன்னாரா என்று அடுத்துக் கேட்டார். ஏழு மணிச் செய்திக்கு முன்னால் ஓர் ஆற்றுத் துண்டை வைத்தான் என்று சொல்ல முடியுமா. பேசி நாலு வருஷம் ஆச்சு என்றேன். அவர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரைக் கேட்டேன். கேட்காதே என்று கணவர் சொன்னார், கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் விழுந்ததும் உயிர் போகவில்லை, ஒருவேளை ஞாயிறு மாலை வரைக்கும் இருந்திருக்கலாம் என்றார். அவருக்கு அது ஒரு கணிப்பு. எனக்கு அது ஆப்பம்.

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நான் இன்னும் ஆடுகிறேன். விட்டுவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. அந்த விளையாட்டு எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, சுவர் மூடும்போது இன்னும் மனசு துள்ளுகிறது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறேன். ஒரு நாள் யாராவது ஓடு வைக்காவிட்டால் உடனே மணியைத் தொடுகிறேன். போன மாதம் ஒருவர் பேச்சுப் பெட்டியைத் திறந்து, உனக்கு என்ன அவசரம், எனக்கு வேறு வேலை இல்லையா என்று திட்டினார். மகள் அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லம்மா, இப்பவாவது கேக்கக் கத்துக்கிட்டீங்க என்றாள். அவள் நல்லதாகத்தான் சொன்னாள்.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அண்ணனுடைய கைப்பேசி சமையலறை மேசையில் சார்ஜரில் இருந்ததாக அந்த அதிகாரி சொன்னார். ஞாயிறு காலை நான் மணியை அழுத்தியிருந்தால் அது அங்கே ஒலித்திருக்கும், குளியலறைக்குக் கேட்டிருக்கும். தங்கச்சி கூப்பிடுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அவனால் எழுந்து வர முடிந்திருக்காது. பதில் வந்திருக்காது. வராத பதிலைப் பார்த்து நான் பேருந்து ஏறியிருக்க மாட்டேன். ரோஷத்தை விட்டு நானே கூப்பிட்டும் திமிர் பிடித்தவன் மதிக்கவில்லை என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மீனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத்தான் போயிருப்பேன்.