ஜெபக் குறிப்பு இல்லை

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்க் காணிக்கை அட்டை கொடுப்போம். அந்த வருடம் ஆலயத்துக்கு என்ன கொடுக்கலாம் என்று குடும்பமாக யோசித்து எழுதித் தரும் அட்டை. அதற்கு ஆள் பிடித்துப் பழக்கும் வேலையைப் போதகர் என் தலையில் கட்டினார். ரிட்டயர்டு டீச்சர், வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

ஓயாமல் பேசுகிறவர்களை முதலிலேயே கழித்துவிட்டேன். காது கொடுத்துக் கேட்கிறவர்கள்தான் வேண்டும். பத்துப் பேர் தேறினார்கள். ஆலயத்தின் பின்கூடத்தில் மூன்று சனிக்கிழமை பாடம் நடத்தினேன்.

"போனதும் அட்டையை நீட்டாதீங்க. உக்காருங்க. தண்ணி குடிங்க. எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க. எதுக்காக ஜெபிக்கணும்னு அவங்க வாயால சொல்லட்டும், நீங்களா எழுதிப்போடாதீங்க. அட்டை கடைசியிலதான்."

ஒத்திகையில், லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி எடுத்த எடுப்பிலேயே அட்டையை நீட்டினார். "நீங்க என்ன, போஸ்ட்மேனுங்களா?" என்று கடிந்துகொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

வீடுகளைப் பிரித்தபோது மதுக்கரைப் பக்கத்தை அந்தத் தம்பிக்கும் தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கும் கொடுத்தேன். அந்தப் பட்டியலில் என் வீட்டையும் எழுதினேன். வேண்டுமென்றேதான். என் கணவரை அடக்கம் செய்த வாரத்துக்குப் பிறகு சபையிலிருந்து ஒருவரும் என் வீட்டில் வந்து உட்காரவில்லை. எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளைத் துடைத்துப் போட்டேன். பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டு மூடி வைத்தேன். ஆராதனை முடிந்து கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள்.

"வாங்க, உள்ள வாங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க டீச்சர்" என்றாள் அந்தப் பெண். "உங்களுக்குப் போயி நாங்க என்னத்தைங்க சொல்றது? எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்களே."

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றபடியே, இரண்டு கையாலும் அட்டையை நீட்டினார். "இன்னும் ஆறு ஊடு இருக்குதுங்க. போயிட்டு வாரோமுங்க."

மரியாதைதான். அது எனக்குத் தெரியாமலில்லை. ஊரையே திட்டுகிற நான் அட்டையை வாங்கிக்கொண்டேன். ஒப்புட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பத்துப் பேரும் வீடு வீடாகக் கேட்டு எழுதிவந்த ஜெபக் குறிப்புகளை நான் உரக்க வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபிப்பார்கள். ஒரு வீட்டில் மூட்டுவலி, ஒரு வீட்டில் மகளுக்கு வரன், ஒரு வீட்டில் மகனின் குடி. என் வீட்டுக்கு நேரே அந்தப் பெண் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 'டீச்சர் நலம். ஜெபக் குறிப்பு இல்லை.'

அதையும் உரக்க வாசித்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒருவரும் கண்ணை மூடவில்லை. அடுத்த வீட்டை வாசித்தேன்.